முதலாளிக்கு எதற்குக் காவல்?

காட்டு ஓடைக்கரையில் ஒரு நரி பழக்கடை வைத்திருந்தது. நாவலும் இலந்தையும் பறித்து, தேக்கிலையில் பொட்டலம் கட்டி, கேட்ட விலங்குகளின் குகைக்கே அனுப்பிவைக்கும்.

ஒரு முயல் அங்கே வேலை கேட்டு வந்தது. நரியிடம் முயல் போகலாமா என்று கேட்காதீர்கள். வளையில் குட்டிகள் பசியோடு இருந்தால் நீங்களும் போவீர்கள்.

"வேலையா? எங்கிட்ட வேலைக்காரங்களே கிடையாது! எல்லாரும் முதலாளிங்கதான். இன்னியிலேருந்து நீயும் முதலாளியம்மா!" என்று சொல்லி, நரி ஒரு தேக்கிலைத் தொப்பியை அதன் தலையில் கவிழ்த்தது.

முயலுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை சந்தோஷம்!

மறுநாளே அது வடிந்துவிட்டது. விடியும்முன் வந்து நிற்க வேண்டும். நரி சொன்ன வழியில்தான் போக வேண்டும். எதிர்க்கரையில் கடை வைத்திருந்த கரடிக்காக ஒரு பொட்டலம்கூடச் சுமக்கக் கூடாது. மூச்சு வாங்க நின்றால், நரி ஏவிவிட்டுத் தலைக்கு மேலே பறந்துவரும் ஒரு காகம், "கா! முயல் நின்னுடுச்சு!" என்று காடே அதிரக் கத்தும். தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் கேட்டு முயல் திடுக்கிட்டு எழுந்தது.

ஒருநாள் மழை கொட்டியது.

"மழை விடட்டுங்க, ஐயா. ஓடையில தண்ணி ஏறுது!"

"இப்பவே போ! இல்லேன்னா நாளைக்கு வராதே!"

குட்டிகளை நினைத்துக்கொண்டு முயல் கிளம்பியது. பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தது. பின்னங்கால் முறிந்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலையாள் வேலையில் அடிபட்டால், குணமாகும்வரை வேலை வாங்கியவரே சாப்பாடு போட வேண்டும். முயல் நொண்டிக்கொண்டே கடைக்குப் போய்க் கேட்டது.

"சாப்பாடா? நீதான் முதலாளியாச்சே! ஒரு முதலாளிக்கு இன்னொரு முதலாளி எதுக்குச் சோறு போடணும்?" என்றது நரி.

முயல் தன்னையே நொந்துகொண்டது. 'தொப்பியைப் போட்டுக்கிட்டது நான்தானே? என் வாயாலதானே சரின்னு சொன்னேன்?' மழைக்காலம் இன்னும் முழுதாகக் கிடந்தது. குட்டிகளோ வளையைவிட்டு வெளியே வந்து மேயப் பழகவில்லை.

வழக்கு காட்டெருமையிடம் போனது. காட்டெருமை எதையும் அவசரப்பட்டுச் சொல்லாது. அசைபோட்டுக்கொண்டே கேட்கும்.

நரி சாட்சிக்குத் தூக்கணாங்குருவியை அழைத்து வந்தது. "இதுதான் என் கடைக்குக் கூரை பின்னிச்சு. பின்னும்போது இறக்கையில அடிபட்டுச்சு. எங்கிட்டச் சோறு கேட்டுச்சா, கேளுங்க!"

"கேக்கலை. நான் எனக்கு நானே முதலாளி!" என்றது குருவி.

முயல் காதைத் தொங்கவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு!

காட்டெருமை அசைபோட்டது. பிறகு, "குருவியே, வேலைக்கு எப்ப வந்தே?" என்று கேட்டது.

"எனக்குத் தோணினப்ப வந்தேன்."

"எப்படிப் பின்னினே?"

"என் இஷ்டப்படி! நரி நடுவுல மூக்கை நீட்டிச்சு, ஒரு கொத்து கொத்தினேன். அதே வாரம் மயிலுக்கும் பின்னிக் கொடுத்தேன். மழை பெஞ்சா யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"முயலே, இப்ப நீ சொல்லு."

முயல் வாயைத் திறந்தது. பயத்தில் பேச்சு வரவில்லை. நரி இளித்தது. காட்டெருமை அசைபோட்டபடி காத்திருந்தது. கால்வலி தாங்காமல் முயல் மெல்லக் கீழே உட்கார்ந்தது.

உடனே மரத்தின் மேலிருந்து, பழக்கதோஷத்தில் ஒரு குரல் வந்தது. "கா! முயல் உக்காந்துடுச்சு, ஐயா! உக்காந்துடுச்சு!"

எல்லா விலங்குகளும் அண்ணாந்து பார்த்தன. காட்டெருமையின் வாய் அசைவது நின்றது.

"காகமே, யாருகிட்டச் சொல்றே?"

"நரி ஐயாகிட்டத்தான்! முயல் எங்க நின்னாலும் உக்காந்தாலும் கத்தணும்னு உத்தரவு!"

"குருவி பின்னும்போதும் கத்தினியா?"

"இல்லீங்களே! குருவியைப் பாக்கச் சொல்லவே இல்லையே!"

காட்டெருமை நரியின் பக்கம் திரும்பியது. "முதலாளிக்கு எதுக்குய்யா காவல்?"

நரி மரத்திலிருந்த காகத்தை முறைத்தது.

"தலையில எந்தத் தொப்பி இருந்தா என்ன? இவ உன் வேலையாள்தான். கால் கூடுற வரைக்கும் இவளுக்கும் குட்டிங்களுக்கும் நீயே தீனி கொண்டுபோய்க் கொடுக்கணும். காகமே, இனிமே இவன் பின்னாடி பற!"

மறுநாள் விடியும்முன், மழையில் நனைந்தபடி நரி புல்லுக்கட்டோடு கிளம்பியது. பாசிப் பாறையருகே மூச்சு வாங்கச் சற்று நின்றது.

"கா! நரி நின்னுடுச்சு!"

வளைக்குள் முயல் திடுக்கிட்டு எழுந்தது. யாரைச் சொல்கிறது என்று புரிந்ததும், குட்டிகளை அணைத்துக்கொண்டு மறுபடி படுத்துக்கொண்டது.

நீதி: என்ன பெயர் சொல்லி அழைத்தாலும், எப்போது, எப்படி வேலை செய்வது என்பதைப் பிறர் முடிவு செய்தால் நீ வேலையாள், நீயே முடிவு செய்தால்தான் உனக்கு நீ முதலாளி.