வெறும் உரல் எழுப்பிய மலை

அந்தக் காலத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது. பூமி தட்டையாகக் கிடந்தது. பெய்த மழை பெய்த இடத்திலேயே ஏரியாக நின்றது. நண்டும் தண்ணீரும் மனுஷரோடு பேசின. பூமிக்கு அடியில் இரண்டு பெரிய ஆமைகள், ஆளுக்குப் பாதி நிலத்தை முதுகில் சுமந்தபடி, எதிரெதிரே மூக்கை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு மூக்குகளுக்கும் நேர் மேலே, ஏரிக்கரையில் இரண்டு வீடுகள். ஒன்றில் வெள்ளச்சியும் அவள் மகள் சிட்டுவும். வேலிக்கு அந்தப் பக்கம் காரிச்சி, தனி ஆள். இருவர் வாசலிலும் பாறையில் குடைந்த உரல் இருந்தது.

அந்த வருஷம் கதிரைப் பூச்சி தின்றுவிட்டது. வெள்ளச்சியின் பானையில் ஒரு மணி சாமைகூட இல்லை. ஏரிக்கரைக் கீரையை அவித்து மகளுக்குக் கொடுத்தாள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், விடிந்தால் உலக்கைச் சத்தம் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடித்துவிடுவாளே! மானம் பெரிதாகத் தெரிந்தது. வெறும் உரலில் உலக்கையைப் போட்டு இடித்தாள்.

"அம்மா, உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்றாள் சிட்டு.

"வாயை மூடிக்கிட்டு இரு."

வேலிக்கு அந்தப் பக்கமும் உலக்கைச் சத்தம் கேட்டது. அவளுக்கு மட்டும் சாமை இருக்கிறதே என்று வெள்ளச்சிக்கு வயிறு எரிந்தது. இன்னும் ஓங்கி இடித்தாள். தானியம் இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். வெறும் உரலில் விழுந்த அடி நேராகப் பாதாளத்துக்கு இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் கரை வளையிலிருந்து நண்டு ஓடி வந்தது.

"நிறுத்து தாயீ! அடியில ஆமை ரெண்டும் முழிச்சுக்கிச்சு. தூக்கத்தைக் கெடுத்தது நீதான்னு ஒண்ணையொண்ணு பழி சொல்லி முட்டுதுங்க!"

உலக்கையைக் கீழே வைப்பதற்குள் தரை ஆடியது. ஆமைகள் முட்டிய இடம் மடங்கி மேலே எழும்பியது. வீடு, வேலி, ஏரி எல்லாம் அதோடு எழும்பின. நாலு பக்கமும் நிலம் செங்குத்தாகச் சரிந்துபோனது. சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது காக்கைகள் காலுக்குக் கீழே பறந்தன. வெள்ளச்சி மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடிந்தும் மலை நிற்கவில்லை. குளிர் எலும்பைத் தொட்டது. சிட்டுவின் உதடு நீலமாகிவிட்டது.

"அம்மா, மூச்சு முட்டுது."

வெள்ளச்சி நண்டின் முன்னால் விழுந்து அழுதாள். "அந்த ஆமைங்களைத் தூங்க வையேன்!"

"இனி அதுங்க தூங்காது. மலையும் நிக்காது. இறங்குறதுக்கு வழி கேளு, ஏரியைக் கேளு."

ஏரித் தண்ணீர் சொன்னது: "கரையை உடைச்சு விடு, வழி அறுத்துத் தர்றேன். ஆனா ஓட ஆரம்பிச்சா நான் நிக்கமாட்டேன். எதிர்ல கிடக்கறதை எல்லாம் அரைச்சுக் கொண்டுபோவேன். உன் வீடுன்னு பார்க்கமாட்டேன்."

வெள்ளச்சி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அதே உலக்கையை எடுத்துக் கரையில் ஓங்கிக் குத்தினாள். அடியில் நண்டு வளை தோண்டியது. கரை உடைந்தது.

தண்ணீர் இரண்டு வீட்டையும் இரண்டு உரலையும் பெயர்த்துக்கொண்டு பாய்ந்தது. பாறையை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியது. அந்த வழியே மகளைச் சுமந்து வெள்ளச்சி இறங்கினாள், பின்னாலேயே காரிச்சி. பாறை கல்லாகி, கல் மணலாகி, மணல் வண்டலாகி அடிவாரம் முழுக்கப் பரவியது. அந்த வண்டலில் உட்கார்ந்த பிறகுதான் சிட்டு நன்றாக மூச்சு விட்டாள். உடனே சோறு கேட்டு அழுதாள்.

வெள்ளச்சி முதல்முறையாக வாய் திறந்து கேட்டாள்.

"காரிச்சி, மடியில ஒரு பிடி சாமை இருந்தா குடு. உன் வீட்டுல தினமும் உலக்கைச் சத்தம் கேட்டுச்சே."

காரிச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "என் பானையும் காலிதான் அக்கா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு நானும் வெறும் உரலைத்தான் இடிச்சேன்."

இருவரும் திரும்பி மலையைப் பார்த்தார்கள். அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஒதுக்கிப்போட்ட காட்டுக் கிழங்கைச் சுட்டு மூன்று பேரும் பகிர்ந்து தின்றார்கள்.

அன்று முதல்தான் ஆமைகள் முட்ட முட்ட மலை வளர்கிறது, ஆறு அதை அரைத்து அரைத்துக் கீழே இறக்குகிறது. எது முதலில் ஓயும் என்று நினைத்தால் அடிவாரத்து வண்டலில் வாழும் எங்களுக்கு இன்றும் பயம்தான். அன்று முதல்தான் நாங்கள் யாரும் வெறும் உரலில் உலக்கை போடுவதில்லை. பக்கத்து வீட்டு உலக்கை ஒரு நாள் சும்மா இருந்தால், அவர்கள் வாய் திறப்பதற்குள் ஒரு பிடி சாமையோடு போய் நிற்கிறோம்.