ஹெட் துடைக்கிற தோல்

வீடியோ டெக்கில் கேசட்டின் படத்தை எடுக்கிற ஹெட்டைத் துடைக்கும்போது எதை அசைக்கணும், துடைக்கிற தோலையா, ஹெட்டையா? சட்டென்று தோல் என்று சொல்லிவிடாதீர்கள். சுடலைமணி அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற ஜான்சியிடம் வேலை பழக வந்தார். ஜான்சிக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் கடைக்குள் அவள் குரு.

அன்று தன் கல்யாணக் கேசட்டையே கொண்டுவந்தார். மண்டப வாசலில் தன் அம்மாவை வரவேற்கப் பெண் வீட்டார் ஒருத்தரும் நிற்கவில்லை என்பது அவர் கட்சி. நின்றார்கள் என்பாள் மனைவி செண்பகம். போன வாரம் பேச்சு முற்றிப்போய், “கேசட்டைப் போட்டே காட்டுதேன்” என்று இவர் கத்த, அவள் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேசட் ஓடியது. மண்டப வாசல் வந்தது. அவர் அம்மா தனியாக நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு யாரும் இல்லை.

“பாத்தியா டீச்சர், நான் சொன்னேம்லா. இருக்கதச் சொன்னா அவ எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகணும்? நீயே சொல்லு.”

செண்பகத்திடம் சொல்லிக்காட்ட அவர் போனை எடுத்தார். அதற்குள் திரை முழுக்கப் புள்ளி. கேசட்டில் இருந்த பூஞ்சை ஹெட்டில் அப்பிவிட்டது.

“மொதல்ல இதத் துடைங்க அண்ணாச்சி.” பிளக்கைப் பிடுங்கி, டெக்கின் மூடியைக் கழற்றி வைத்தாள்.

ஸ்பிரிட்டில் நனைத்த தோல் துண்டை, ஹெட் பதிந்திருக்கிற உருளையில் வைத்து, தூக்குச்சட்டி விளக்குகிற மாதிரி மேலும் கீழும் தேய்க்கப் போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தோலைச் சும்மா ஒட்டினாப்ல பிடிங்க. அசைக்கப்பிடாது. இன்னொரு கையால உருளையை மெள்ளச் சுத்துங்க.”

“தேய்க்காம அழுக்கு எப்படித் தாயி போகும்?”

“தேய்ச்சா ஹெட்டு முனை ஒடிஞ்சிரும்.”

“அழுக்கு இருக்கது நெசந்தான?”

“நெசந்தான் அண்ணாச்சி. அதுக்குன்னு அழுத்துனா அழுக்கும் போயிரும், படமும் போயிரும்.”

அவர் தோலை அசைக்காமல் பிடித்தார். மெள்ள உருளையைச் சுற்றினார். தோலில் பழுப்பாய் ஒரு கோடு விழுந்தது.

கையைத் துடைத்துவிட்டுப் போன் போட்டார்.

“கேசட்டப் பாத்தாச்சாக்கும்,” என்றாள் செண்பகம், எடுத்த எடுப்பில். “சொல்லுங்க உங்க நாயத்த.”

“இத்தன வருசமா நாந்தான சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். அன்னைக்கு மண்டபத்துல உங்க ஆளுகளுக்கு என்ன பாடுன்னு நீ சொல்லு செண்பகம். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”