இருபது ஏக்கர் கல்யாணம்

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது. இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் பல்செட் இப்போதே குழாயடியில் விழுந்து இரண்டாகட்டும். மாடி வீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்கிறேன், கேட்கட்டும்.

பாளையங்கோட்டையில் ஹெப்சிபா டீச்சர் என்று ஒருவர். வயது முப்பத்தொன்று. கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோவை டிவிடி தட்டில் ஏற்றுவது எப்படி என்று தன் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பார். சீடர்கள் ஏழு பேர், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், நானும் அதில் சேர்த்தி. சூடாக வெளியே வந்த தட்டை டீச்சர் காதருகே வைத்து, "பதினேழாவது நிமிஷத்துல ஒரு குழந்தை அழும்" என்பார். போட்டுப் பார்த்தால் அழும்.

எங்களில் மூத்தவர் தவசிக்கண்ணு. ஓய்வுபெற்ற சர்வேயர். உத்தியோகத்தில் ஓர் அங்குலத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுத்தவர் இல்லை.

அவருடைய அக்கா செல்லக்கனிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. பார்வையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், நாளுக்கு நாள் பெரிதாகிறது. பார்வை இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் பேத்தி கோமதிக்கு மெல்போர்னில் கல்யாணம் நடந்து, வீடியோ தவசிக்கண்ணுவின் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. அக்காவோ கட்டிலை விட்டு இறங்க முடியாதவர். வீட்டில் இருந்தது பழைய டிவி, பழைய டிவிடி பிளேயர். செல்போனில் காட்டினால் மாப்பிள்ளை எறும்பளவு.

தவசிக்கண்ணு வீடியோவை அப்படியே தட்டில் நகலெடுத்துக் கொண்டுபோனார். பிளேயர் உறுமிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. டீச்சரிடம் ஓடிவந்தார்.

"அப்படியே போட்டா பிளேயருக்குப் புரியாது அண்ணாச்சி. அதுக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சுருக்கி மாத்தணும்."

"எவ்வளவு சுருக்கணும்?"

டீச்சர் இரண்டு படத்துக்கும் நீளமும் அகலமும் புள்ளிக் கணக்கில் சொன்னார். தவசிக்கண்ணு பேப்பரில் பெருக்கிப் பார்த்தார். பேனா கையிலிருந்து நழுவியது.

"இருபதுல ஒண்ணா! இருபது ஏக்கர் கல்யாணத்தை ஒரு ஏக்கர்ல நடத்தச் சொல்லுதியளா? மாப்பிள்ளை மூக்குல வேர்வை முத்து முத்தாத் தெரியுது. அதெல்லாம் போயிரும்லா?"

"போயிரும்."

"மிச்சம் பத்தொன்பது ஏக்கரும் எங்க போகும்?"

டீச்சர் அடுத்தவருடைய கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒன்பது நாள் தவசிக்கண்ணு ஒரு புள்ளியும் குறையாமல் ஏற்றப் பாடுபட்டார். ஏழு தட்டுகளில் துண்டு துண்டாகப் போட்டார். ஏழையும் பிளேயர் துப்பியது. சாயங்காலம் தவறாமல் அக்கா போன் பண்ணுவார்.

"ஏலே தம்பி, இன்னைக்குக் கடிகாரத்துல முள்ளு தெரியல. ஓரத்து நம்பர்தான் தெரியுது."

பத்தாம் நாள் தவசிக்கண்ணு டீச்சர் முன்னால் வந்து நின்றார். "அந்தப் பத்தொன்பது ஏக்கர்..." என்று ஆரம்பித்தார்.

டீச்சர் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, கல்யாண வீடியோவை ஓடவிட்டு, பின்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி அவர் கண்களுக்கு முன்னால் பிடித்தார்.

"கல்யாணம் தெரியுதா அண்ணாச்சி?"

"ஓரத்துல தோரணம் தெரியுது."

"எத்தனை ஏக்கர்?"

டீச்சர் கையை எடுத்ததும் தவசிக்கண்ணு தானே 'மாற்று' என்ற பட்டனை அமுக்கினார்.

தட்டு சுழலத் தொடங்கியது. அந்த ரீங்காரத்துக்கு டீச்சர் வீட்டுப் பால்கனியில் இருந்த பதினான்கு புறாக்களும் வரிசையாக உள்பக்கம் திரும்பி உட்கார்ந்தன. எண்ணித்தான் சொல்கிறேன்.

எல்லோருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். டிவியைக் கட்டிலோரம் இழுத்துவைத்தோம். தட்டைப் போட்டதும் பிளேயர் உறுமியது. துப்பவில்லை. மேளம் கேட்டது.

படம் கொஞ்சம் மங்கல்தான். தவசிக்கண்ணு முகத்தைச் சுளித்தார். அக்கா தலையைக் கோழி மாதிரி சாய்த்து, கடைக்கண்ணால் பார்த்தார். தாலி கட்டுகிற இடம் வந்தது.

"பிள்ளை இடது தோளை ஏத்திக்கிட்டு நிக்கா பாருல. பயந்தா அவ அப்படித்தான் நிப்பா." அக்கா தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "அந்தப் பையன் கையைப் பிடிச்சதும் தோள் இறங்கிட்டு. பாத்தியா? நல்ல பையன்தாம்ல."

தவசிக்கண்ணு எழுந்து டிவியருகே ஓடினார். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். தோள் இறங்கித்தான் இருந்தது.

"டீச்சர், பத்து நாளா இருபது ஏக்கரையும் அளந்தேனே! இது என் கண்ணுல படலையே. எங்க இருந்துச்சு இது?"

டீச்சர் மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. அக்காவுக்கு மறைக்குது."

தவசிக்கண்ணு தரையில் உட்கார்ந்தார்.

கேட்டீர்கள் அல்லவா, இத்தோடு விடுங்கள். சொன்னது யார் என்று எவர் கேட்டாலும் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தவசிக்கண்ணு எங்கள் தெருவில்தான் இருக்கிறார், என் காம்பவுண்டுச் சுவரை அவர் இன்னும் அளக்கவில்லை.