ஏலேயின் எடை

முன்னொரு காலத்தில், மன்னருக்குக் கோபம் வந்தால் ஒரு சட்டமும் சிரிப்பு வந்தால் இன்னொரு சட்டமும் பிறந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், பேச்சிமுத்து என்றொரு விகடகவி இருந்தான். தென்கோடிச் சீமைக்காரன். தலைநகருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் சாம்பாரில் காரம் போதவில்லை என்று புலம்புவதை மட்டும் அவன் விடவில்லை.

அந்த வாரம் மன்னருக்குத் தராசுப் பைத்தியம் பிடித்திருந்தது. பிறந்தநாளுக்குச் சர்க்கரையில் துலாபாரம் கொடுத்தார். அதோடு தராசை எடுத்து வைக்க வேண்டியதுதானே? இல்லை. அரண்மனை முற்றத்தில் அதைத் தொங்கவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எடை போட்டார். அரசியின் கிளியை ஏற்றினார். அவைப் புலவரை ஒரு தட்டிலும் அவர் எழுதிய ஏடுகளை மறுதட்டிலும் ஏற்றினார். ஏடுகள்தான் கனமாக இருந்தன.

இந்த நேரம் பார்த்து அமைச்சர் அனந்தகோபர் முகம் சிவக்க ஓடி வந்தார்.

"மன்னர் பெருமானே! யானைப்பாகன் மாடக்கண்ணு ஆயிரம் பேர் நடுவில் என்னை 'ஏலே' என்று அழைத்துவிட்டான்! என் மானம் போயிற்று!"

தலைநகரில் அந்தச் சொல்லைத் திருடனைத் துரத்தவும் நாயை விரட்டவும் மட்டுமே வைத்திருந்தார்கள். அவையே காதைப் பொத்திக்கொண்டது. மாடக்கண்ணுவை இழுத்து வந்தார்கள்.

"நான் என்னத்தச் செய்ய சாமி? யானை காலைத் தூக்கிட்டு. அய்யா குறுக்க நின்னாவ. 'பெருமதிப்புக்குரிய அமைச்சரே'ன்னு ஆரம்பிச்சா, முடிக்கதுக்குள்ள கால் கீழ வந்துரும்லா. அதான் 'ஏலே, விலகுலே'ன்னு கத்திட்டேன். எங்க ஊர்ல பெத்த பிள்ளையவும் அப்படித்தான் சாமி கூப்பிடுவோம்."

அமைச்சருக்குப் பேச்சிமுத்துவின்மேல் பழைய பொறாமை. இதுதான் சமயம் என்று கண்டார். "விகடகவியும் அதே சீமைதானே? அந்தச் சொல்லில் அன்பு அதிகமா, வசை அதிகமா என்று அவரே சொல்லட்டும்" என்றார். அன்பு என்றால், நாயை விரட்டும் சொல்லை அன்பென்று கூறி அவையை அவமதித்த குற்றம். வசை என்றால் ஊர்க்காரனைக் காட்டிக்கொடுத்த பழி.

மன்னரின் பார்வை தராசின்மேல் விழுந்தது. "வாயால் சொல்வானேன்? எடை போட்டுக் காட்டட்டும்! மூன்று நாள் தவணை. வசை கனத்தால் பாகனும் விகடகவியும் அன்றே நாடு கடக்க வேண்டும். அதுவரை அந்தச் சொல் பாகன் வாயில் வரக் கூடாது."

பேச்சிமுத்து நேராக யானைக் கொட்டடிக்குப் போனான். அங்கே பட்டத்து யானை மலையரசு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. மாடக்கண்ணு கைகட்டி, "தண்ணி குடிங்க, வாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். யானை திரும்பவே இல்லை.

பேச்சிமுத்து வாசலிலேயே நின்று பார்த்தான். அவன் சீமையில் வழக்கமே அப்படித்தான். பாசம் இருக்கும்வரை ஏலே, வாலே. அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிந்தால்தான், "வாங்க, சாப்பிடுங்க" என்று மரியாதை வரும். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தலைநகரம் தனக்கு மரியாதை மட்டுமே கொடுத்து வந்ததை நினைத்தபோது, யானையின் வருத்தம் அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

மூன்றாம் நாள் முற்றத்தில் கூட்டம் அலைமோதியது.

"முதலில் வசையை எடை போடுவோம். அமைச்சர் தட்டில் ஏறட்டும்" என்றான் பேச்சிமுத்து.

"நானா?"

"மானம் போனது தங்களிடமிருந்துதானே? போன பிறகு எடை குறைந்திருக்கும் அல்லவா?"

மன்னர் கைகாட்ட, அமைச்சர் ஏறினார். மறுதட்டில் வாழைத்தார்களை அடுக்கினார்கள். தட்டுகள் இடுப்பளவு உயரத்தில் சமமாக நின்றன. பேச்சிமுத்து மன்னரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அமைச்சரைப் பார்த்து மூன்று முறை, "ஏலே! ஏலே! ஏலே!" என்றான்.

முள் இம்மியும் அசையவில்லை.

"இது குறும்பு!" என்று தட்டிலிருந்தே கத்தினார் அமைச்சர். "அப்படியானால் அன்பை எடை போடட்டுமே, பார்ப்போம்!"

"அது இந்தத் தராசு தாங்காது, அமைச்சரே" என்ற பேச்சிமுத்து, நாற்பது வீரர்களைக் கொட்டடிக்கு அனுப்பி யானையை இழுத்து வரச் சொன்னான். வடம் அறுந்ததுதான் மிச்சம். பிறகு மன்னரின் இசைவோடு மாடக்கண்ணு முற்றத்தில் நின்று குரல் கொடுத்தான்.

"ஏலே ராசா! வாலே!"

கொட்டடிக் கதவு பிளந்தது. மலையரசு பிளிறிக்கொண்டு ஓடி வந்து, மாடக்கண்ணுவின் தலை, தோள் எல்லாம் தும்பிக்கையால் தடவியது. "மன்னா, நாற்பது பேரால் அசையாததை ஒரு சொல் அசைத்திருக்கிறது. எடையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றான் பேச்சிமுத்து.

மூன்று நாள் பட்டினி கிடந்த யானையின் கண் அப்போது வாழைத்தாரில் பட்டது. முதல் தார் போனது. அமைச்சரின் தட்டு சரிந்தது.

"ஐயோ! ஏலே மாடக்கண்ணு! பிடிலே யானையை!" என்று அலறினார் அமைச்சர். அடுத்த தாரும் போக, தட்டு தொப்பென்று தரையில் இறங்கியது.

முற்றம் வெடித்துச் சிரித்தது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாடக்கண்ணு, இப்ப உன் மானம் போச்சா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"ஏன் போகுது? அய்யா இன்னைக்குத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாவ" என்றான் அவன் வாயெல்லாம் பல்லாக.

அமைச்சர் உடையைத் தட்டிக்கொண்டே எழுந்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

பேச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "மன்னா, ஒன்றை மறைத்தால் நான் பொய்யன். அதே சொல்லில் வசையும் உண்டு. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், வயதில் மூத்த என் தந்தையைக் களத்தில் வைத்து அப்படித்தான் கூப்பிட்டார். அப்பா குனிந்து நெல்லை அள்ளிக்கொண்டே இருந்தார். திருப்பிச் சொல்ல முடியாதவனிடம் சொன்னால் அது வசை, மன்னா. மாடக்கண்ணு சொன்னது உயிரைக் காக்க."

மன்னர் தலையசைத்தார். மாடக்கண்ணுவுக்குப் பட்டுத் துணியும், யானைக்கு இன்னும் பத்துத் தாரும் கொடுக்கச் சொன்னார். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, இருக்கையை விட்டு இறங்கி, பேச்சிமுத்துவின் அருகில் வந்தார். கொஞ்சம் தயங்கினார். புதுச் சொல் அல்லவா, நாக்கு பழக வேண்டுமே.

"இந்தாலே, வச்சுக்கோ" என்றார். "நீயும் திருப்பிச் சொல்லலாம்."

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, "பார்த்துப் போலே" என்று அம்மா சொன்னதற்குப் பிறகு பேச்சிமுத்துவை யாரும் அப்படி அழைத்ததில்லை. அவன் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் மெல்லச் சொன்னான்.

"சரிலே."

அவை அதிர்ந்தது. மன்னரோ அடக்கமாட்டாமல் சிரித்தார். அன்று மாலையே ஆள் வைத்துத் தராசைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்வி.