மூங்கில் பேச்சு, பலாப்பழ வாய்

"மூங்கில் தின்னுடா ராசா!" என்றாள் பூவாத்தா யானை.

"ஊஹூம்!" என்றான் அவளுடைய குட்டி உருண்டை.

"சரி, புல்லாவது தின்னு!"

"ஊஹூம்!"

"ஒரே ஒரு வாய்! அம்மாவுக்காக!"

"அம்மாவுக்காக அம்மாவே தின்னட்டும்!"

கரடிச்சோலைக் காட்டில் தினமும் காலையில் இதே கூத்துதான். குயில் கூவுவதற்கு முன்னால் பூவாத்தா கூவ ஆரம்பித்துவிடுவாள். பக்கத்து மரத்துக் குரங்குகள் தூக்கம் கெட்டு, அவளைத் திட்டிக்கொண்டே எழுந்திருக்கும்.

யானைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி எந்தத் தழையையும் தானாகப் பறித்துத் தின்றுவிடாது. முதலில் தாயின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவும். அவள் மென்றுகொண்டிருப்பதில் கொஞ்சம் எடுத்து ருசி பார்க்கும். 'ஓகோ, இதுதான் நம்ம சாப்பாடு!' என்று தெரிந்துகொள்ளும். உருண்டையும் முறையாகத்தான் செய்தான். அம்மாவின் வாய்க்குள் துழாவினான். உள்ளே என்ன இருந்தது? பலாச்சுளை!

ஆற்றங்கரையில் ஒரு பலாமரம் காய்த்துக் குலுங்கியது. பூவாத்தாவுக்குப் பலாப்பழம் என்றால் உயிர். காலையில் பலா, மத்தியானம் பலா. படுக்கப் போகும்போது வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று இன்னொரு பலா. மூங்கிலை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"இது பெரியவங்க சாப்பாடு! தின்னா உனக்கு வயிறு போயிடும்! நீ மூங்கில் தின்னு!" என்றாள் குட்டியிடம்.

உருண்டை சின்னவன்தான், ஆனால் முட்டாள் இல்லை. பலா தந்தால் சரி, இல்லாவிட்டால் எதையும் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

நாள் ஆக ஆகப் பூவாத்தாவின் பால் வற்றிக்கொண்டு வந்தது. குட்டியின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. பெயர் மட்டும்தான் உருண்டையாக இருந்தது.

யானைக் கூட்டத்தின் தலைவி வந்து பார்த்தாள். அவள் வளவளவென்று பேசுகிறவள் இல்லை.

"பலா முடியப் போகுது. ஆறும் வத்திடுச்சு. சீக்கிரமே மேட்டுக்காட்டுக்குக் கிளம்பணும். வழியெல்லாம் மூங்கிலும் மரப்பட்டையும்தான். தின்னத் தெரியாத குட்டி நடுவழியில விழுந்துடும், பூவாத்தா. விழுந்தா எழுந்திருக்காது."

பெற்ற வயிறு அல்லவா! பூவாத்தா தலைதெறிக்க ஓடினாள். எங்கே? இருவாச்சியிடம்.

இருவாச்சி பெரிய அலகுள்ள பறவை. குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர் அந்தக் காட்டிலேயே அவர் ஒருவர்தான். அப்படி அவரே சொல்லிக்கொண்டார். மற்றவர்களும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"என் வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல்லே கிடையாது! நான் அத்திப்பழம் கொண்டுபோனால் சத்தம் போடாமல் தின்பார்கள்!" என்று அலகைத் தூக்கிக்கொண்டு சொன்னார்.

எப்படிச் சத்தம் போடுவார்கள்? இருவாச்சி வீட்டில் தாயும் குஞ்சும் மரப்பொந்துக்குள் இருப்பார்கள். வாசல் பூசி அடைத்திருக்கும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்துதான் பாக்கி. அப்பா உள்ளே நீட்டுவதைத் தின்னாமல் அவர்கள் என்ன ஹோட்டலுக்கா போக முடியும்?

பாவம், பூவாத்தா இதையெல்லாம் யோசிக்கவில்லை. "எம் பிள்ளையைக் காப்பாத்துங்க அண்ணே!" என்று அழுதாள்.

ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

"தின்னாவிட்டால் உன்னைப் புலியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்!" என்று மிரட்டினார் இருவாச்சி.

"வரட்டுமே! புலியும் மூங்கில் தின்னாது! நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி!" என்றான் உருண்டை.

மிரட்டல் பலிக்காததால் வேடிக்கை காட்டினார். மூங்கில் இலை ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு, "இதோ பறந்து வருது! பறந்து வருது! ஆ காட்டு!" என்று வட்டமடித்தார். உருண்டைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தான். இலை உள்ளே போயிற்று. ஒரு தும்மல் போட்டான். இலை வெளியே வந்து இருவாச்சியின் கண்ணில் ஒட்டிக்கொண்டது. மனிதர் நேரே போய்க் கறையான் புற்றில் மோதினார். மனிதர் என்றா சொன்னேன்? அவர் பண்ணிய பந்தாவில் எனக்கே மறந்துபோயிற்று.

கடைசியில் லஞ்சம். "ஒரு கட்டு மூங்கில் தின்றால் ஒரு பலாச்சுளை பரிசு!"

உருண்டை காதை ஆட்டி ஆட்டி யோசித்தான். "தின்னதுக்குப் பரிசு குடுக்கிறீங்கன்னா, அந்த மூங்கில் எவ்வளவு கேவலமா இருக்கணும்! பலாச்சுளை தின்னா பரிசுன்னு யாரும் சொல்றதில்லையே!"

அப்போது மரத்திலிருந்து ஒரு குரங்கு கத்தியது. "ஐயா! தாய்க்காரி அங்கே என்ன திங்கிறாள்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்!"

"குறுக்கே பேசாதே! என் ஆராய்ச்சி குட்டியைப் பற்றி! தாயைப் பற்றி இல்லை!" என்று சீறினார் இருவாச்சி. பிறகு பூவாத்தாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். குட்டி உன் வாயைத் துழாவுகிறான். இனிமேல் அவன் முன்னால் வாயையே திறக்காதே!"

அட, என்ன மூளை! பூவாத்தாவும் அப்படியே செய்தாள். புதருக்குப் பின்னால் போய்ப் பலாவை அமுக்கிவிட்டு உம்மென்று திரும்பி வருவாள்.

"அம்மா, தண்ணி எங்கே?"

"ம்ம்!"

"அம்மா, என் வால்ல எறும்பு ஏறுது!"

"ம்ம்ம்!"

வாயை மூடினால் வாசனையையும் மூட முடியுமா? காட்டில் உள்ள ஈயெல்லாம் அவள் முகத்தைச் சுற்றித் திருவிழா கொண்டாடின.

கூட்டம் கிளம்பும் நாள் வந்தது. முதல் மேட்டில் ஏறும்போதே உருண்டையின் முன்னங்கால் மடங்கியது. பொத்தென்று விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

யானைகள் எல்லாம் நின்றுவிட்டன.

பூவாத்தா ஓடிப்போய் மூங்கில் கொத்தை ஒடித்து வந்து அவன் வாயருகே நீட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ம்ம்! ம்ம்ம்!" என்று கெஞ்சினாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? மரத்தில் கடைசியாக இருந்த பழம் முழுசாக உள்ளே இருந்தது!

உருண்டை தலையை மட்டும் தூக்கினான்.

"அம்மா, வாயைத் திற."

அவள் திறந்தாள். பழம் விழுந்து, உருண்டு, பள்ளத்தைப் பார்த்து ஓடியது. ஈக்கள் அதன் பின்னால் பறந்தன. கூட்டமே பார்த்துக்கொண்டு நின்றது.

"நீ மூங்கில் தின்னு நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே அம்மா! உனக்கே வேண்டாததை எனக்கு ஏன் குடுக்கிறே?"

பூவாத்தாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தும்பிக்கையிலிருந்த கொத்தைத் தன் வாயிலேயே போட்டு மென்றாள். பலாவின் இனிப்பில் ஊறிய நாக்கு; முகம் அஷ்டகோணலாயிற்று.

"பாத்தியா! பாத்தியா!" என்றான் உருண்டை.

அவள் நிறுத்தவில்லை. இன்னொரு வாய் போட்டாள். மறுபடியும் போட்டாள். மெல்ல மெல்லப் பழைய ருசி நாக்கில் தட்டியது. அட, நன்றாகத்தானே இருக்கிறது! கண்ணை மூடிக்கொண்டு நறநறவென்று மென்றாள். குட்டியைத் தின்னச் சொல்லவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டோரம் ஏதோ குறுகுறுத்தது. உருண்டையின் தும்பிக்கை! வாயை அகலத் திறந்தாள். அவன் உள்ளே துழாவினான். கொஞ்சம் எடுத்தான். மென்றான். எல்லா யானைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இன்னும் கொஞ்சம் குடு," என்றான் உருண்டை.

தலைவி அந்த மேட்டிலேயே கூட்டத்தைத் தங்க வைத்தாள். குட்டி தின்று தெம்பாகி, தானே எழுந்து நின்ற பிறகுதான் கிளம்பினார்கள். அம்மா ஒரு வாய், பிள்ளை ஒரு வாய் என்று இருவரும் மென்றுகொண்டே நடந்தார்கள்.

"என் ஆராய்ச்சி வெற்றி! மாபெரும் வெற்றி!" என்று கத்திக்கொண்டே, கூட்டத்தின் பின்னாலேயே வந்திருந்த இருவாச்சி வீட்டுக்குப் பறந்தார். வழியில் கொழுத்த ஓணான் ஒன்றைப் பிடித்து அவசர அவசரமாக விழுங்கினார். அப்புறம் ஒரு அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு போய்ப் பொந்துச் சந்தில் நீட்டினார். போன வேகத்தில் பழம் திரும்பி வந்து அவர் நெற்றியில் அடித்தது.

"தினமும் அத்தியா?" என்று உள்ளேயிருந்து குஞ்சு கத்தியது. "அப்பா, உங்க அலகோரம் ஒரு வால் தொங்குதே, அது என்னது? வாயைத் திறங்க!"

பிள்ளை என்ன தின்ன வேண்டும் என்று சொல்லும் முன்பு, பெற்றவர்கள் தங்கள் வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.