அண்டா தெளியும் வரை

மலைமேல் இருந்த அந்த மடத்தில் துறவிகள் தங்கள் பந்திக்கு மட்டும் பியர் காய்ச்சினார்கள். மடத்தை நிறுவிய வெளிநாட்டுச் சாமியார்கள் விட்டுப்போன பழக்கம் அது. விற்பனை கிடையாது. பெருநாள் அன்று ஆளுக்கு ஒரு தம்ளர், அவ்வளவுதான்.

காய்ச்சும் பொறுப்பு பிரதர் தஸ்நேவிஸுடையது. தூத்துக்குடிக்காரர், நாற்பதைத் தொடாதவர். அவரிடம் தொழில் கற்க வந்த இன்னாசிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு சின்னவர், சீடன் பெரியவர் என்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை.

இன்னாசி சிறையிலிருந்து வந்தவர். கடற்கரையில் நடந்த ஒரு கைகலப்பில் ஒருவன் செத்துப்போனான். இன்னாசிதான் அடித்தார் என்று கூண்டிலேறிச் சொன்னது அவருடைய கூடப்பிறந்த தம்பி சேவியர். இன்னாசி அன்று அந்த இடத்திலேயே இல்லை. அது சேவியருக்கும் தெரியும். வருஷக்கணக்காக உள்ளே கிடந்தபின், அடித்தவனே சாகும்தறுவாயில் ஒப்புக்கொண்டான். இன்னாசி வெளியே வந்தபோது மனைவியை அடக்கம் செய்து மூன்றாவது மழைக்காலமும் வந்திருந்தது. கல்லறையைப் பார்த்தார். தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. மலையேறிவிட்டார்.

மடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஊர் வழியாகக் கேள்விப்பட்டிருந்த தஸ்நேவிஸும் கேட்டதில்லை.

வேலையில் இன்னாசி கெட்டிக்காரர். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு சாறு இறுப்பதும், அதை அண்டாவில் ஏற்றி கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவிடுவதும், ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பதும் சீக்கிரமே கைவந்துவிட்டன. ஒன்றுதான் வரவில்லை. அண்டாவிலிருந்து இறக்கும் சாறு ஒவ்வொரு முறையும் கலங்கலாக வந்தது.

போன பெருநாளுக்கு மடத்துத் தலைவர் தம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழைய கஞ்சி மாதிரி இருக்கு" என்றார். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். தஸ்நேவிஸ் தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

அன்று காய்ச்சும் கொட்டகையில் கிண்டும் துடுப்பைக் கழுவிக்கொண்டே இன்னாசி கேட்டார்: "பிரதர், நீங்க சொன்னபடிதான் எல்லாம் செய்யுறேன். சாறு ஏன் தெளிய மாட்டேங்குது?"

தஸ்நேவிஸ் இன்னாசியின் கையிலிருந்த துடுப்பை வாங்கி, வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"அது இல்லாம எப்படிக் கிண்டுறது?"

"கிண்டவேண்டிய நேரத்துல நான் எடுத்துத் தாரேன்."

அடுத்த பெருநாளுக்குக் காய்ச்சும் வேலை ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. சாறு கொதித்து நுரை அடங்கியிருந்த நேரத்தில், வாசலைப் பார்த்துக்கொள்ளும் பிரதர் பெர்க்மான்ஸ் உள்ளே வந்தார்.

"இன்னாசி, உம்மப் பாக்க ஆள் வந்திருக்கு. தம்பின்னு சொல்லுதாரு."

இன்னாசி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"சேவியர்."



"அடுப்புல வேலை இருக்குன்னு சொல்லுங்க" என்றார் இன்னாசி. "இருக்கச் சொல்லுங்க."

பெர்க்மான்ஸ் தஸ்நேவிஸைப் பார்த்தார். தஸ்நேவிஸ் இன்னாசியிடம், "நீங்க போறதுன்னா போங்க பிரதர். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"கை மாறினா மறுபடியும் கலங்கிரும்" என்றார் இன்னாசி.

தஸ்நேவிஸ் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பெர்க்மான்ஸ் போய்விட்டார்.

கொதி முடியும் தறுவாயில் தஸ்நேவிஸ் கலங்கலைத் திரட்டி இறக்கும் உலர்ந்த கடல்பாசி ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தார். இன்னாசி அதைத் தூவினார். சற்று நேரத்தில் சாற்றுக்குள் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரளத் தொடங்கியது. அடுப்பை அணைத்தார்கள். தஸ்நேவிஸ் வெளியே போய்த் துடுப்பை எடுத்து வந்தார்.

"ஓரமாப் போட்டுச் சுத்துங்க. ஒரே பக்கமா. சுழி விழணும்."

இன்னாசி சுற்றினார். அண்டாவின் நடுவே சாறு குழிந்து சுழன்றது.

"போதும். எடுங்க."

எடுத்தார். தஸ்நேவிஸ் மூடியைப் போட்டார்.

"இனி?"

"இனி ஒண்ணும் இல்ல."

இந்த இடத்தில்தான் இன்னாசி எப்போதும் தோற்றார். மூடியைத் திறந்து பார்ப்பார். படிந்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார், மறுபடி மூடுவார். கடைசியில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று அண்டாவைச் சாய்ப்பார். சிறையில் கஞ்சித் தட்டைச் சாய்த்துக் குடித்த கை அது. அடியில் கிடந்த வண்டல் முழுக்க மேலே ஏறிவிடும்.

அன்று அவர் மூடியைத் தொடவில்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பியிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் அவரிடம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய்? சிறையில் ஒவ்வொரு இரவும் அதை வேறுவேறு குரலில் கேட்டுப் பார்த்திருக்கிறார். பதிலையும் அவரே சொல்லிப் பார்த்திருக்கிறார். எந்தப் பதிலும் பொருந்தவில்லை. இப்போது பதில் விருந்தினர் அறையில் வந்து உட்கார்ந்திருந்தது. நூறடி நடந்தால் போதும்.

காத்திருக்கட்டும், என்று நினைத்தார். நான் காத்திருந்ததுக்கு முன்னால் இது எம்மாத்திரம்.

அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பதை, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து நிற்பதை மனதில் ஓட்டிப் பார்த்தார். நன்றாக இருந்தது.

பெர்க்மான்ஸ் மறுபடி வந்தார்.

"காப்பி கொடுத்தேன். குடிக்கல. ரொம்ப நேரமாகுமான்னு கேக்குதாரு."

"இப்பத்தான் படிய விட்டிருக்கு" என்றார் இன்னாசி. "வடிச்சதும் வாரேன்னு சொல்லுங்க."

"ஆளுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு, இன்னாசி. வாசல்லேருந்து அந்த அறைக்கு வாரதுக்குள்ள ரெண்டு இடத்துல உக்காந்தாரு."

இன்னாசியின் கை முழங்காலை அழுத்திப் பிடித்தது. ஒருகணம் எழுந்துவிடுவார் போலிருந்தது. தஸ்நேவிஸ் செம்புக்குழாய்ச் சுருளைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வடிச்சதும் வாரேன்" என்றார் இன்னாசி.

மூடியைத் திறந்தபோது சுழி நின்றிருந்தது. பூவும் திரிந்ததும் எல்லாம் அண்டாவின் நடுவே மேடாகக் குவிந்திருந்தன. சுற்றிலும் சாறு அசையாமல் நின்றது.

"மெதுவா" என்றார் தஸ்நேவிஸ்.

இன்னாசி பக்கக் குழாயை ஒரு நூல் அளவு திறந்தார். முதலில் வந்த கலங்கலைத் தனியே பிடித்து ஒதுக்கினார். பிறகு வந்தது தேன் நிறத்தில் இருந்தது. குழாய்ச் சுருள் வழியே இறங்கி, ஆறி, கண்ணாடிக் குடத்தில் ஓசையில்லாமல் நிறைந்தது. குடத்துக்குப் பின்னால் இருந்த சன்னல் கம்பிகளை அதன் வழியாக எண்ணலாம்.

அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இன்னாசி திறக்கவில்லை. வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக அவர் எதையும் செய்ததில்லை.

வண்டல் மேடு தலைகாட்டியது. அண்டாவில் இன்னும் இரண்டு செம்பு நல்ல சாறு இருந்தது. இன்னாசி குழாயை மூடினார். அண்டாவைச் சாய்க்கவில்லை.

தஸ்நேவிஸ் ஒரு தம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். அவர் முகம் மலர்ந்ததை இன்னாசி முதல்முறையாகப் பார்த்தார். "இப்படி நானே எடுத்ததில்ல, பிரதர்."

இன்னாசி கையைக் கழுவினார். முகத்தையும் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு விருந்தினர் அறைக்குப் போனார்.

பெஞ்சு காலியாக இருந்தது. காப்பி ஆடைகட்டி இருந்தது. பெர்க்மான்ஸ் வராந்தாவில் நின்றிருந்தார்.

"கடைசி பஸ்ஸை விட்டா வழியில்லன்னு கெளம்பிட்டாரு. இப்பத்தான். நான் பிடிச்சு நிறுத்திப் பாத்தேன்."

இன்னாசி வாசலுக்கு ஓடினார். பஸ் கீழே இரண்டாவது வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் ஒருமுறை தெரிந்தது. பிறகு மரங்கள்.

திரும்பி வந்து கேட்டார்: "ஏதாவது சொன்னானா?"

பெர்க்மான்ஸ் தயங்கினார். "சொல்லணும்னுதான் வந்திருப்பாரு போல. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அண்ணன் ராத்திரி தூங்குதாரான்னு மட்டும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூங்குதாருன்னு சொன்னேன்."

ஆனி மாதம் சேவியர் இறந்துபோன செய்தி வந்தது. மலையை விட்டிறங்கிய நாளிலிருந்து படுக்கையில்தான் இருந்தானாம். இன்னாசி போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். தம்பி மனைவியிடம், ஏதாவது சொல்லச் சொன்னானா என்று கேட்டார். அவள், "உங்ககிட்ட நேர்லதான் சொல்லுவேன்னாரு. அதுக்குத்தானே அந்த உடம்போட மலையேறினாரு" என்றாள். இன்னாசிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது பெருநாள் முடிந்திருந்தது. பியர் தெளிவாக இருந்ததாகவும், மடத்துத் தலைவர் இரண்டாவது தம்ளர் கேட்டதாகவும் பெர்க்மான்ஸ் சொன்னார்.

இன்னாசி நேரே காய்ச்சும் கொட்டகைக்குப் போனார். தஸ்நேவிஸ் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க என்னைப் போகச் சொல்லியிருக்கலாம்" என்றார் இன்னாசி.

"சொன்னேன்."

"ஒருதடவை சொன்னீங்க."

"ஆமா."

"கையைப் பிடிச்சு இழுத்து வெளிய தள்ளியிருக்கலாம். நான் எதுக்கு அங்க உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு ஏன் தள்ளல?"

தஸ்நேவிஸ் தேய்ப்பதை நிறுத்தினார். 

"எனக்கும் சாறு தெளியணும்னு இருந்துச்சு" என்றார்.