அழுங்கின் மூன்றடி

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்தது. கோடையில் அது வற்றி வெடித்துவிடும். கரையோரப் பாறையடியில் ஒரே ஒரு ஊற்றுக்குழி மட்டும் மிஞ்சும். அதற்குச் சொந்தம் கொண்டாட இரண்டு கரைகள். கிழக்குக் கரையில் மான்களும் முயல்களும் வாழ்ந்தன. மேற்குக் கரையில் காட்டுப்பன்றிகளும் நரிகளும் வாழ்ந்தன.

முன்பெல்லாம் முட்டி மோதிக்கொண்டன. குடித்த தண்ணீரைவிடச் சிந்திய ரத்தம் அதிகமாயிற்று. கடைசியில் இரு கரையும் கூடிப் பேசி, சண்டைக்குப் பதில் வருஷத்துக்கு ஓர் ஆட்டம் என்று முடிவு செய்தன. ஜெயித்த கரைக்குப் பகல் தண்ணீர். தோற்ற கரை பொழுது சாய்ந்த பிறகுதான் குடிக்கலாம். அந்த நேரத்தில் சிறுத்தையும் குடிக்க வரும்.

ஆட்டம் இதுதான். வற்றிய ஏரித்தரையில் கரைக்கு ஒரு கோடு, இடையே தொண்ணூறடி தூரம். ஆற்றில் மிதந்து வந்த உரிக்காத தேங்காய் ஒன்று. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரியின் கோட்டைத் தாண்ட வேண்டும். கூட்டாளிகள் தோளால் முட்டி வழி உண்டாக்கலாம். எதிரிகள் பிடித்துக் கீழே தள்ளலாம். விழுந்த இடத்தில் அந்தத் தடவை முடிந்தது. அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்கும். முன்னால் வீசியும் கொடுக்கலாம். யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் அந்தத் தடவை வீண். எதிரி பிடித்துவிட்டால் தேங்காய் அவனுக்கு.

ஒரு கரைக்கு நான்கு தடவை. அதற்குள் பத்தடி முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு தடவை கிடைக்கும். முன்னேறாவிட்டால் தேங்காய் எதிரியிடம் போய்விடும். பத்தடியை அளக்க நெட்டையன் என்ற மலைப்பாம்பு இருந்தான். அவன் நீளம் சரியாகப் பத்தடி. ஓரத்தில் நீட்டிப் படுப்பான், அவ்வளவுதான் வேலை. நியாயம் சொல்ல மரத்தின் மேல் ஓர் இருவாச்சிப் பறவை.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை யாரும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் போன வருஷத்து ஏற்பாடே நீடிக்கும். போன வருஷம் ஜெயித்தது மேற்குக் கரை.

கிழக்குக் கரையில் சுருளி என்று ஓர் அழுங்கு இருந்தான். எறும்பு தின்னும் பிராணி, உடம்பெல்லாம் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வான். போன வருஷம் தேங்காயை அவனிடம் கொடுத்தார்கள். பன்றித் தலைவன் இடும்பனின் நிழல் பட்டதுமே நின்ற இடத்தில் சுருண்டுவிட்டான். பன்றிகள் அவனைப் பலாக்காய் என்று கூப்பிட்டு உருட்டி விளையாடின. அதனால் அவனை யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. இந்த வருஷம் ஓரத்தில் நெட்டையன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

அவனுடைய வளைக்குப் பக்கத்துப் புதரில் சிட்டாள் என்ற முயலளவுச் சருகுமான் இருந்தாள். அவள் புருஷனைச் சிறுத்தை அடித்தது ஊற்றங்கரையில்தான். இப்போது அவளுக்குக் கையளவு குட்டி ஒன்று. அதற்குத் தண்ணீர் காட்டும் வயது வந்துவிட்டது. இன்று ஜெயிக்காவிட்டால் அதுவும் இருட்டில்தான் குடிக்கப் போக வேண்டும். ஆட்டத்தைவிட அந்தக் குட்டியைத்தான் சுருளி அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்குக் கரைத் தலைவன் மருதன், கொம்பு படர்ந்த புள்ளிமான். அவன் கொம்பில் ஏந்தித் தேங்காயை வீசுவான். தாவி என்ற முயல் ஓடிப் பிடிக்கப் பாய்வான். எல்லாம் ஒரே பாய்ச்சலில் கோட்டைத் தாண்டும் திட்டம். முதல் தடவை தேங்காய் மண்ணில் விழுந்தது. இரண்டாவது தடவையும் மண்ணில்தான். மூன்றாவதில் தாவியின் கால் சுளுக்கியது. ஒவ்வொரு தடவையும் கிழக்குக் கரை எழுந்து ஆர்ப்பரித்தது. ஆனால் ஓரடிகூட நகரவில்லை.

நெட்டையன் கொட்டாவி விட்டான். "இந்தக் கரைக்காக நான் உடம்பைத் தூக்கி வைத்து வருஷம் பல ஆச்சு. படுத்த இடத்தில் புல் முளைக்குது."

சுருளி அவனைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தான். பிறகு தன்னைப் பார்த்துக்கொண்டான். மூக்கிலிருந்து வால்வரை அவன் மூன்றடி. நான்கு தடவை முன்பக்கமாக விழுந்தால் நெட்டையனையே தாண்டிவிடலாம்! இத்தனை வருஷமாக நான்கு தடவையையும் நான்கு தனிப் பாய்ச்சலாகவே எல்லோரும் நினைத்தார்கள். நான்கும் சேர்ந்து ஒரே வேலைக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் மருதன் மறுபடி வீசினான். ஒரு நரி எம்பிப் பிடித்துக்கொண்டது. இனி மேற்குக் கரைக்கு அவசரமே இல்லை. இடும்பன் தேங்காயின் மேல் மெதுவாகப் படுத்தான், மெதுவாக எழுந்தான். மூன்று தடவை அப்படியே பொழுதைப் போக்கினான். நான்காவது தடவை, எப்படியும் எதிரிக்குப் போகிற தேங்காயைத் தன் கோட்டிலிருந்து விலக உதைத்துத் தள்ளினான். அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. சூரியன் மலை முகட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

சுருளி எழுந்து மருதனிடம் போனான். தேங்காயைத் தன்னிடம் தரும்படி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மறுபடி சுருண்டுக்கவா?" என்றான் மருதன்.

"சுருளுவேன். ஆனா மூணடி போய் விழுந்த பிறகு. வழி மட்டும் பண்ணிக் கொடுங்க அண்ணே."

மருதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போது சிட்டாள் முன்னால் வந்தாள். "உங்க பாய்ச்சலை எல்லாம் பார்த்தாச்சு. இருட்டில் போகப்போறது என் குட்டி. அவர்கிட்ட கொடுங்க" என்றாள். மருதன் கொம்பைத் தாழ்த்தினான். தேங்காயைக் கொடுத்தான்.

சுருளி தேங்காயை அணைத்தான். மான்கள் தோளோடு தோள் சேர்ந்து முட்டின. அவன் தலையைத் தாழ்த்தி ஒரு பொந்துக்குள் நுழைவதுபோல் நுழைந்தான். மேலே பன்றிகள் விழுந்தன. விழுந்த பிறகு சுருண்டான். தேங்காய் செதிலுக்குள் பத்திரமாக இருந்தது. மூன்றடி.

"பலாக்காய் உருண்டு வந்திருக்குடோய்!" என்று நரிகள் கேலி செய்தன. சுருளி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இன்னொரு மூன்றடி. இன்னொன்று. நான்காவது தடவை விழுந்தபோது இருவாச்சி சிறகடித்துக் கீழே வந்து, பத்தடி தாண்டியாயிற்று, புதிதாக நான்கு தடவை என்று அறிவித்தது.

"அட, எனக்கு வேலை வந்திருச்சு!" என்று நெட்டையன் ஊர்ந்துபோய் முன்னால் படுத்தான்.

கேலி குறைந்தது. நெட்டையன் இரண்டாவது முறை ஊர்ந்தான். மூன்றாவது முறையும் ஊர்ந்தான். சுருளியின் முதுகில் இரண்டு செதில் பெயர்ந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்திருக்க நேரமானது. ஆனால் எழுந்தான்.

மேற்குக் கோட்டுக்கு இன்னும் எட்டடி இருந்தது. மூன்று தடவையில் ஆறடி போனான். மீதி இரண்டடி. மீதி ஒரே தடவை. சூரியனில் நகக்கண் அளவுதான் வெளியே தெரிந்தது. இடும்பன் தன் கூட்டம் முழுவதையும் நடுவில் குவித்து, முன்னால் தானே நின்றான்.

மருதனுக்குக் கொம்பு தினவெடுத்தது. எல்லோரும் நடுவில் நிற்கிறார்கள், தூக்கி வீசினால் பேர் வாங்கிவிடலாம். அவன் சிட்டாளின் குட்டியைப் பார்த்தான். அது தாயின் வயிற்றடியில் ஒண்டி நின்றது. சுருளிக்கு முன்னால் வந்து தலையைத் தாழ்த்தித் தோளைக் கொடுத்தான். "என் பின்னாலேயே வா" என்றான்.

மருதனின் தோளும் இடும்பனின் தோளும் மோதின. அந்த இடுக்கில் சுருளி நுழைந்தான். இடும்பன் திரும்பி முழுப் பாரத்தோடு அவன் மேல் சரிந்தான். அதே நிழல். சுருளியின் உடம்பு சுருளத் துடித்தது. வயிறு மடங்கியது, வால் உள்ளே இழுத்தது. இன்னும் கீழே விழவில்லை, இப்போது சுருண்டால் இதோடு சரி என்று அவனுக்குத் தெரியும்.

அவன் நகங்களை வெடித்த மண்ணில் ஊன்றினான். கரையான் புற்றைப் பிளக்கிற நகங்கள் அவை. ஒரு காலை எடுத்து வைத்தான். பன்றியையும் சேர்த்து இழுத்தான். மற்றொரு காலை எடுத்து வைத்தான். பிறகு மூக்கை நீட்டி முன்னால் விழுந்தான். அதற்குப் பிறகுதான் சுருண்டான்.

ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்த பன்றிகளை விலகச் சொல்லி இருவாச்சி உள்ளே எட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தது.

"தேங்காய் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கிழக்குக் கரை ஜெயித்தது" என்றது இருவாச்சி. சூரியன் மறைந்தது.

சுருளி மெல்ல விரிந்து வெளியே பார்த்தான். முதலில் தெரிந்தது இடும்பனின் முகம். "ஏ பலாக்காய், அடுத்த வருஷம் நீ எங்க கரைக்கு வந்துடு" என்று அவன் உறுமினான். ஆனால் உருட்டவில்லை. ஒதுங்கி வழி விட்டான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு சிட்டாள் தன் குட்டியை ஊற்றுக்கு அழைத்துப் போனாள். அது தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து மிரண்டது, பிறகு நிதானமாகக் குடித்தது. சுருளி பெயர்ந்த செதிலை நக்கிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தான்.

ஒரே தாவலில் கரை சேரப் பார்ப்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான். விழும்போதும் முன்பக்கமாக விழுந்து, எழுந்து, மறுபடி போகிறவன் கட்டாயம் கரை சேர்வான்.